ஒற்றை விசில்

ஷூவுக்குள் திணித்திருந்த செய்தித்தாளை அவள் உருவியபோது அது கூழாகக் கையில் வந்தது. இரவெல்லாம் அடுப்பு ஓரத்தில் கிடந்தும் அவருடைய ஷூ காயவில்லை. விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். நுனியில் ஈரம் அப்படியே இருந்தது. வேறொரு தாளைக் கசக்கித் திணித்து மறுபடியும் அடுப்பருகில் வைத்தாள். கிளம்புவதைக் கொஞ்சம் தள்ளிப்போட அவளுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. ஈர ஷூ நல்ல சாக்கு.

"காஞ்சா என்ன, காயாட்டி என்ன? மறுபடியும் நனையத்தான போகுது," என்றார் அவர்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் சாக்ஸ் ஏறியிருந்தது. இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிய என்ன பாக்குறீங்க?"

"வானம் எப்படி இருக்குன்னு பாக்குறேன்."

ஜன்னல் கண்ணாடி முழுக்க உறைபனி படிந்து வெள்ளைச் சுவராக இருந்தது. அதில் வானமும் தெரியாது, எதிர் வீடும் தெரியாது. மூச்சு வாங்குகிறது என்பதை மறைக்க அவர் இப்படித்தான் எதையாவது பார்ப்பார். வழியில் மைல்கல்லைப் பார்ப்பார், மரத்தைப் பார்ப்பார், மாட்டைப் பார்ப்பார். சமீப நாட்களில் பார்க்க வேண்டியவை அதிகமாகிக்கொண்டே வந்தன. அவளும் கூடவே நின்று மாட்டைப் பார்ப்பாள். எதுவும் கேட்க மாட்டாள்.

வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் டிரைவர், அவள் அதே பஸ்ஸில் கண்டக்டர். முன்பக்கக் கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பார்த்தே கல்யாணம் வரைக்கும் வந்தவர் என்று டிப்போவில் கிண்டல் செய்வார்கள். அவர்கள் ஓட்டிய தடம், யாத்திரைக்காரர்கள் நடக்கத் தொடங்கும் இடத்தில் போய் முடியும். கையில் கோலும் முதுகில் பையுமாகக் கூட்டம் இறங்கும். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார். "ஊர்ல பாதிப் பேரை இங்க இறக்கி விட்டாச்சு. நாம ஒரு நாளும் இறங்கலயே," என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஓய்வு பெற்றதும் இறங்கிவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். அதற்குள் இதய வால்வு பழுதாகிவிட்டது. குளிர்காலம் முடிந்ததும் ஆபரேஷன் என்றார்கள். ஆபரேஷன் மேசையில் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை நடந்துவிட வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். "மெதுவா நடக்கலாம்" என்று டாக்டர் சொன்னது என்னவோ உண்மை. டாக்டர் சொன்னது வீட்டைச் சுற்றி. இவர் எடுத்துக்கொண்டது மலைக்கோயில் வரைக்கும்.

நடக்கத் தொடங்கிய முதல் நாள் அவர் நகரவேயில்லை. கைகளைத் தொங்கவிட்டபடி நின்றுகொண்டே இருந்தார். "ஏன் நிக்கிறீங்க?" என்று கேட்டாள். "விசில் வரலையே," என்றார், திரும்பிப் பார்க்காமல். சாவிக்கொத்தில் கிடந்த பழைய விசிலை எடுத்து அவள் இரண்டு முறை ஊதினாள். அவர் கிளம்பினார். பின்னால் வந்த யாத்திரைக்காரர்கள் இவர்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அன்றிலிருந்து காலையில் இரண்டு விசில், ஓய்வெடுக்க ஒரு விசில், மறுபடி கிளம்ப இரண்டு. அவர் முன்னால், அவள் பின்னால். மூன்று வாரத்துக்கு மேல் இப்படித்தான் வந்துசேர்ந்தார்கள்.

அது வெறும் விளையாட்டு இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஒரு முறை மேலதிகாரி ஒருவர் பஸ்ஸில் ஏறி, "எல்லாரும் ஏறியாச்சுல்ல, வண்டிய எடுய்யா," என்று அதட்டினார். "கண்டக்டர் சொல்லலீங்க," என்றார் இவர். அதிகாரி கத்தினார். இவர் ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். பின் சக்கரத்தின் அருகில் உருண்டுபோன பந்தை எடுக்கக் குனிந்த குழந்தையை அவள் அப்போது தூக்கிக்கொண்டிருந்தாள். "பின்னால என்ன இருக்குன்னு அவளுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது," என்று அன்று டிப்போவில் எழுதிக்கொடுத்தார். கடைசி வரைக்கும் அவளுடைய இரண்டு விசில் இல்லாமல் அவர் வண்டியை ஓர் அங்குலம்கூட நகர்த்தியதில்லை.

சமையலறையில் விடுதிக்காரம்மா டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். அகலமான பெண்மணி. நாலு ஸ்வெட்டர் போட்டு இன்னும் அகலமாகியிருந்தாள். சுவரில் பெரிய வரைபடம். இந்த ஊரிலிருந்து கோயிலுக்கு இரண்டு வழி. ஊசி குத்தி நூல் கட்டிக் காட்டியிருந்தார்கள். சிவப்பு நூல் மலை முகட்டின் மேலே நேராக ஏறி இறங்கியது. நீல நூல் ஆற்றோடு சேர்ந்து வளைந்து வளைந்து போனது.

"சிவப்பு ஒரு நாள் நடை. நீலம் ரெண்டு நாள்," என்றாள் விடுதிக்காரம்மா. "மேல பனி முழங்கால் வரைக்கும் கிடக்கு. ஆனா பாதை தெரியும், கம்பு நட்டிருக்கு. கீழ தார் ரோடு. இந்தக் குளிருக்கு ஆத்து மேல மூடுபனி இறங்கி உக்காந்துக்கும். லேசுல எந்திரிக்காது."

"மேலேயே வாங்க சார், ஒண்ணாப் போயிடலாம்," என்றார் பல் டாக்டர். நாலு நாளாக வழியில் கூட வருபவர். யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பார். "முகட்டுல ஏறிட்டா வெயில் இருக்கும். நேத்து சாயங்காலம் பாத்தேன், மேல பளிச்சுனு இருந்துச்சு."

கணவருடைய கண் சிவப்பு நூலிலேயே இருந்தது. கடைக்கு வெளியே நின்று சட்டையைப் பார்க்கும் பையனைப் போல. அவள் அதைக் கவனித்தாள்.

"மேல போறப்ப யாருக்காவது உடம்புக்கு முடியாமப் போச்சுன்னா?" என்று கேட்டாள்.

விடுதிக்காரம்மா மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். "போன குளிர்ல ஒருத்தரைக் கீழ இறக்கிக் கொண்டாறதுக்கு ரெண்டு நாளாச்சும்மா," என்றாள்.

"கீழ் ரோட்டுல?"

"கீழ பஸ் ஓடுதே. கை காட்டினா நிக்கும்."

அந்த வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வாழ்நாளெல்லாம் அவளுக்குத் தெரிந்த பத்திரமான பொருள் பஸ் ஒன்றுதான். உள்ளே நாலு பேர் இருப்பார்கள், என்ஜின் சூடு இருக்கும், கதவை மூடிக்கொள்ளலாம்.

"பஸ் ஓடுற ரோட்ல என்னை நடக்க வைக்கிறியே, டிரைவர் பசங்க பாத்தா மானம் போயிடும்," என்றார் அவர்.

"நீங்க டிரைவர்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நடையைப் பாத்தாலே தெரியும். ஓரத்துலயே நடப்பேன். வளைவு வந்தா கையை நீட்டுவேன்."

பல் டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கோலை எடுத்துக்கொண்டார்.

"சரி. எந்த ரூட்டுன்னு கண்டக்டர் போர்டை மாட்டட்டும். நான் ஓட்டுறேன்."

"கீழ," என்றாள் அவள்.

சிவப்பு நூலை இன்னொரு தடவை பார்த்துவிட்டு அவர் ஷூவை மாட்டிக்கொள்ளக் குனிந்தார். நாடா கட்டும் வேலையைப் பல் டாக்டர் செய்துகொடுத்தார்.

வாசலில் நிற்கும்போது, நர்ஸாக இருக்கும் மகள் போன் செய்தாள். தினமும் ஷிப்டுக்குப் போகும் முன் கூப்பிடுவாள். திட்டித் தீர்த்துவிட்டு, முடிவில் அழுவாள். இன்று அழவில்லை. "அப்பாவைக் குளிர்ல நிக்க மட்டும் விடாதம்மா. மெதுவா நடந்துக்கிட்டே இருந்தா உடம்பு சூடா இருக்கும். நின்னா அவ்ளோதான், சொல்லிட்டேன். கேக்குதா? நிக்க விடாத."

"கேக்குதுடி," என்றாள்.

அவள் இரண்டு விசில் கொடுத்தாள். அவர் கிளம்பினார்.

*

ஊர் முடிந்த இடத்தில் மூடுபனி தொடங்கியது. முதலில் ஆறு மறைந்தது, சத்தம் மட்டும் இருந்தது. பிறகு சாலையின் மறு ஓரம் மறைந்தது. பிறகு அவர் முதுகுப்பையின் சிவப்பு நிறம் மங்கி, சாம்பலாகி, இல்லாமலே போனது. சாலை குறுகல். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஆற்றோரச் சிறு சுவர். இருவர் சேர்ந்து நடக்க இடமில்லை. லாரிகள் எங்கிருந்தோ முளைத்து வந்து சேறு வாரி அடித்துவிட்டுப் போயின. சமதளம் கிடைத்ததில் அவர் கால் கொஞ்சம் விரைவாக விழுந்தது. அவளுடைய முழங்கால் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. மெதுவாகப் போகச் சொல்லலாம். மெதுவாகப் போனால் நின்றுவிடுவாரோ என்று பயம். நடக்கட்டும் என்று விட்டாள்.

அடிக்கடி கோலால் சுவரை இரண்டு தட்டுத் தட்டுவார். இருக்கிறேன் என்று அர்த்தம். அவள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். தட்டு கேட்டால் மூச்சு விடுவாள். கேட்கத் தாமதமானால் காதைத் தீட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நடப்பாள். நடக்கிற நேரம் முழுக்க அவளுக்கு அதுதான் வேலையாக இருந்தது.

திடீரென்று வலது கால் வழுக்கியது. குனிந்து பார்த்தால் ஷூவின் அடிப்பகுதி பாதிக்கு மேல் பிரிந்து வாயைப் பிளந்து நின்றது. ஓர் அடி எடுத்து வைத்தாள், மடங்கிக்கொண்டது. இப்படியே போனால் விழுவாள், முழங்கால் போய்விடும். விசிலை வாயில் வைத்து ஒரு முறை ஊதினாள்.

முன்னாலிருந்து ஒரே ஒரு தட்டு கேட்டது. நின்றுவிட்டார்.

சுவரில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினாள். பையில் இருந்த துணிப்பட்டையை எடுத்து ஷூவைச் சுற்றிக் கட்ட வேண்டும், சின்ன வேலை. ஆனால் விரல்கள் அவளுடையவையாக இல்லை. முடிச்சு நழுவியது. பல்லால் இழுத்துப் பார்த்தாள். அதுவும் நழுவியது. நிக்க விடாத, நிக்க விடாத என்று மகளின் குரல் காதிலேயே இருந்தது. அவசரப்பட்டதில் பட்டை கை தவறிச் சேற்றில் விழுந்தது. எடுத்து உதறிச் சுற்றினாள். ஒரு வழியாக முடிச்சு நின்றபோது அவளுக்கு அழுகை வரும் போல் இருந்தது.

விசிலை எடுத்து ஊதினாள். காற்று மட்டும் வந்தது.

மறுபடியும் ஊதினாள். புஸ்ஸென்று போனது. உள்ளே உருளும் குட்டி உருண்டை அசையவில்லை. கோட்டுக்கு வெளியே தொங்கிய விசிலில் அவளுடைய மூச்சின் ஈரமே உறைந்து உருண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. உதறினாள். சுவரில் தட்டினாள். ஊதினாள்.

"ஏங்க! போங்க! நடங்க!"

ஆற்றின் இரைச்சல் அந்தச் சத்தத்தைத் தின்றுவிட்டது. பதில் தட்டு வரவில்லை. நடக்கத் தொடங்கினாள். ஏங்க, ஏங்க என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். இத்தனை நேரம் நின்றிருக்க மாட்டார், புத்தி இருக்கிற மனுஷன், குளிரினால் தானாகவே நடந்திருப்பார் என்று சொல்லிக்கொண்டாள். அப்படி நம்புவது அவளுக்குத் தேவையாக இருந்தது. நின்றுகொண்டிருக்கிறார் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் நடையை இன்னும் எட்டிப் போட்டாள்.

ஒரு லாரி எதிரே வந்தது. வெளிச்சம் மட்டும் முதலில் வந்து, பிறகு இரைச்சல். அவள் ஓரமாக ஒதுங்கி, கைக்குக் கிடைத்த ஒரு கல் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். ஆற்றோரச் சிறு சுவரை விட இது உயரமானது. முகத்துக்குப் பக்கத்தில் யாரோ கரியால் ஒரு வட்டம் கிறுக்கியிருந்தார்கள். லாரி நீளமானது, போய்க்கொண்டே இருந்தது. அது போய் முடியும் வரை அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது, கூப்பிடக் குரல் எழவில்லை. லாரி போனதும் சுவரைக் கையால் தள்ளிவிட்டு விரைந்தாள். முன்னால் போய்விட்டார், பிடித்துவிடலாம்.

பிடிக்க முடியவில்லை. வளைவுக்குப் பின் வளைவாக வந்தது. ஒவ்வொன்றிலும் சாம்பல் நிறம்தான் இருந்தது. எங்காவது விழுந்து கிடப்பாரோ என்று ஓரச் சுவரை எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். கீழே வெள்ளையாகத் தண்ணீர் ஓடியது. சின்னக் கட்டை ஒன்று பாறையில் மோதிச் சுழன்றுகொண்டிருந்தது. அது அவருடைய கோல் இல்லை என்று உறுதி செய்ய அவளுக்கு நெடுநேரம் பிடித்தது.

பின்னாலிருந்து ஒரு பஸ் வந்தது. அவளைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து ஹாரன் அடித்தது. கை காட்டினால் நிற்கும். ஆனால் ஏறிக்கொண்டால் வழியில் நடந்துகொண்டிருப்பவரை மூடுபனியில் தவறவிட்டுவிடுவாள். போ போ என்று கையை ஆட்டினாள். பஸ் போய்விட்டது. அதன் பின்புறச் சிவப்பு விளக்கு கரையும் வரை ஓடினாள்.

*

டீக்கடை வெளிச்சம் தெரிந்தபோது அவர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. திட்டுவதற்கான வார்த்தைகளைக்கூட வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டாள். கண்டக்டரை விட்டுட்டு ஓடி வந்த டிரைவரை இன்னைக்குத்தான் பாக்குறேன் என்று ஆரம்பிக்க வேண்டும்.

கடைக்குள் கடைக்காரரும் இரண்டு மூன்று பயணிகளும் மட்டும் இருந்தார்கள். வாசலில் அந்த பஸ் நின்றிருந்தது. அதன் டிரைவர், கட்டை மீசை வைத்த இளைஞன், கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"வயசானவர் ஒருத்தர், சிவப்புப் பை, கையில கோலு. இந்தப் பக்கம் வந்தாரா?"

கடைக்காரர் இல்லையென்று தலையாட்டினார். "காலைல இருந்து நடந்து வந்த ஆள்னு பாத்தா நீங்கதாம்மா முதல்ல."

"சிவப்புப் பையா?" என்றான் கட்டை மீசை. "நான் பாத்தேனே. கீழ பஸ் ஸ்டாப்புல உக்காந்திருந்தாரு."

அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "எந்த பஸ் ஸ்டாப்பு?"

"உங்களைப் பாத்த இடத்துக்கு முன்னாடி. கல் கட்டடம். காத்து அடிக்காம இருக்க ரோட்டுப் பக்கம் சுவர் எழுப்பி ஆத்தைப் பாத்துத் திறந்திருக்கும். ரோட்ல இருந்து பாத்தா ஆள் இருக்கறது தெரியாது. நான் ஒவ்வொரு தடவையும் இறங்கிப் போய்த்தான் பாப்பேன்." அவன் சிரித்தான். "ஏறுங்க பெரியவரே, குளிர்ல விறைச்சுப் போயிடுவீங்கன்னேன். வர மாட்டேன்னுட்டாரு. என் கண்டக்டர் இன்னும் விசில் குடுக்கலப்பான்னாரு. எங்க உங்க கண்டக்டர்னேன். பின்னால வர்றான்னு சொல்லி, போ போன்னு கை காட்டினாரு. நல்ல தமாஷ் ஆளுன்னு நினைச்சுக்கிட்டு வந்துட்டேன். அப்புறம் பாத்தா நீங்களும் போ போன்னு கை காட்டுறீங்க."

அவள் கேட்டவற்றை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தாள். வண்டியை நடுரோட்டில் நிறுத்தக் கூடாது, ஓரங்கட்ட வேண்டும். விசில் கேட்டதும் ஓரங்கட்டியிருக்கிறார். பஸ் நிற்கும் இடத்தில் நின்றிருக்கிறார். ரோட்டுப் பக்கம் சுவர். உயரமான கல் சுவர். பின்னால என்ன இருக்குன்னு அவளுக்குத்தான் தெரியும்.

"வண்டி எப்ப திரும்புது?" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

கட்டை மீசை அவள் முகத்தைப் பார்த்தான். கிளாஸைக் கீழே வைத்தான். "இப்பவே திருப்பிடலாம்மா. வாங்க."

கடைக்காரர் அவள் கையில் ஒரு டீயைத் திணித்தார். அவள் குடிக்கவில்லை. விசிலை அந்தச் சூட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் ஏறும்போது விசிலுக்குள் க்ளிக்கென்று ஏதோ விடுபட்டது. ஆட்டிப் பார்த்தாள். உருண்டை உருண்டது.

உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. பின் படிக்கட்டில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டியபடி நின்றாள். அங்கே நிற்கத்தான் அவளுக்குத் தெரியும். அவர் கண்டக்டருக்காகக் காத்திருக்கிறார், பேச்சு இருந்திருக்கிறது, சிரித்துப் பேசியிருக்கிறார், ஒன்றும் ஆகியிருக்காது என்று பஸ்ஸின் ஆட்டத்துக்கு ஏற்பச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு வளைவில் மூடுபனி கொஞ்சம் கிழிந்தது. அண்ணாந்து பார்த்தாள். மேலே முகடு முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நட்டு வைத்த கம்புகள்கூட வரிசையாகத் தெரிந்தன. உடனே தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

கரி வட்டம் வந்தது.

ஒரு விசில் கொடுத்தாள். பஸ் நின்றது.

அவள் இறங்கவில்லை. இறங்கிப் போய்ப் பார்க்கப் பயமாக இருந்தது. உண்மையிலேயே அவ்வளவுதான், பயம். படிக்கட்டில் நின்றபடியே சுவரின் ஓரத்தைப் பார்த்து நீளமாக, தெளிவாக, இரண்டு விசில் கொடுத்தாள். அந்தச் சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. கோல் தட்டும் ஓசைக்காகக் காத்திருந்தாள்.

மறுபடியும் இரண்டு கொடுத்தாள்.

"அம்மா," என்றான் கட்டை மீசை தன் இடத்திலிருந்து. "பெரியவர் தூங்கிட்டாரோ என்னவோ. நான் போய்ப் பாக்கட்டுமா?"

"வேணாம்," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பையைக் கழற்றவில்லை. கோல் முழங்கால்களுக்கு நடுவில் நின்றது, இரண்டு கையும் அதன் மேல். கிளம்பத் தயாராக இருக்கிறவர் போலத்தான் இருந்தார். கண் பாதி திறந்து ஆற்றைப் பார்த்திருந்தது. அவள் அவர் கையைத் தொட்டாள். இவர் கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கன்னத்தைத் தொட்டாள். மூக்கின் அருகில் தன் கன்னத்தை வைத்து வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதுகு சுவரில் பட்டது. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் கரி வட்டம் இருந்தது. லாரி போகும்போது அவள் இதே சுவரில் சாய்ந்து நின்றபோது அவர் உயிரோடு இருந்தார். அதற்குப் பிறகுதான் பஸ் வந்தது. பஸ்காரனோடு பேசியிருக்கிறார்.

"வந்துட்டேன்ல," என்றாள் அவரிடம். "எழுந்திருங்க."

பயணிகள் இறங்கி வந்தார்கள். கட்டை மீசை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நான் இழுத்தாவது ஏத்தியிருக்கணும்மா," என்று ஒரு தடவை சொன்னான். அவள் இல்லையென்று தலையாட்டினாள். "நீங்க இழுத்தாலும் வந்திருக்க மாட்டார் தம்பி," என்றாள். அது ஆறுதலுக்காகச் சொன்னது இல்லை.

மூன்று பேராகச் சேர்ந்து தூக்கினார்கள். கோலை அவர் விரல்களிலிருந்து விடுவிக்க முடியவில்லை, அதோடே தூக்கினார்கள். டிரைவருக்குப் பின்னால் இருந்த நீள இருக்கையில் சாய்த்து உட்கார வைத்து, யாரோ ஒரு போர்வையைச் சுற்றினார்கள். முன்பக்கக் கண்ணாடியில் தெரியும் இடம் அது.

"கீழ் ஊர்ல ஆஸ்பத்திரி இருக்கும்மா. நடுவுல எங்கயும் நிறுத்தாம நேரா விட்டுடறேன்," என்றான் கட்டை மீசை.

"நிறுத்துங்க," என்றாள்.

அவன் புரியாமல் பார்த்தான்.

"ஸ்டாப்புல யாராவது நிப்பாங்க. குளிர்ல நிக்கிறவங்களை ஏத்திக்கிட்டே போங்க."

அவருக்குப் பக்கத்தில் இடம் விட்டிருந்தார்கள். அவள் அங்கே போகவில்லை. பின் படிக்கட்டில் போய் நின்றாள். அந்த பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. கட்டை மீசை தானே சீட்டு கொடுத்துத் தானே எடுத்துக்கொண்டு போகிறவன். இருந்தாலும் அவன் என்ஜினை உறுமவிட்டபடி கண்ணாடியில் அவளைப் பார்த்துக் காத்திருந்தான். அவள் இரண்டு விசில் கொடுத்தாள். பஸ் நகர்ந்தது.

அடுத்த நிறுத்தத்தில் ஓர் ஆள் மூட்டையோடு நின்றுகொண்டிருந்தான். குளிரில் காலை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு, வாயருகில் கைகளைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தான். கை காட்டினான். அவள் ஒரு விசில் கொடுத்தாள். அவன் மூட்டையை உள்ளே வீசிவிட்டு ஒரு காலைப் படியில் வைத்தான். அவனுடைய மறு கால் தரையிலிருந்து எழுவதற்குள், அவள் அவன் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டே இரண்டு விசிலையும் ஊதிவிட்டாள்.